மேலே திறந்த தொட்டியும் அதிரசத்தின் வாலும்

நேற்று, மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டே முக்காலுக்கு நாங்கள் வளர்க்கும் பல்லி அதிரசம் தானாகவே என் உள்ளங்கையில் ஏறி, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைமடிப்புக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொண்டது. பதினேழு நிமிடம் அசையவில்லை. கடைசியில் எனக்குத்தான் கை மரத்துப்போய் இறக்கிவிட்டேன். வாங்கிவந்து நேற்றோடு சரியாக இருபது வாரம். கைக்குப் பழக்குவது ஏழெட்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மீதியெல்லாம் நான் செய்த தப்புகளுக்குக் கட்டிய வட்டி. நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருப்பதால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அரசலாற்றுக்குத் தென்கரையில் எனக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. 2024-ல் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அதுவரை குறுவை போட்டவர்கள் எல்லாம் போர்வெல்லை நம்பி ராப்பகலாக ஓட்டினார்கள். மோட்டார் எரிந்தது, பட்டறைக்கு வந்தது, கையில் கொஞ்சம் காசு சேர்ந்தது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் எங்களுக்கு வேலை படுத்துவிடும். நேரமும் இருக்கிறது, காசும் இருக்கிறது, எட்டாவது படிக்கும் மகள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சரி என்று இறங்கிவிட்டேன்.

அவள் கேட்டது சிறுத்தைப் பல்லி, லெபர்ட் கெக்கோ. அதன் தாயகத்தில் நம் நாட்டின் வடமேற்குப் பகுதியும் வரும் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றேன். நம் காட்டில் இருக்கிற இனத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காட்டுயிர்ச் சட்ட வில்லங்கத்தில் மாட்டுவானேன். அதன் பங்காளி முறையில் ஒன்று இருக்கிறது, ஆஃப்ரிக்கன் ஃபேட் டெயில் கெக்கோ. மேற்கு ஆப்பிரிக்காக்காரன். சுவரில் ஏறாது, ஏனென்றால் விரலடியில் ஒட்டும் பட்டை கிடையாது. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு, கண்ணை மூடித் திறக்கும். கொழுப்பையெல்லாம் வாலில் சேர்த்துவைக்கும். லெபர்டைவிடக் கூச்சம் அதிகம், ஆனால் ஈரக்காற்று பிடிக்கும். டெல்டாவில் ஈரக்காற்றுக்கா பஞ்சம்?

சென்னையில் வீட்டில் வைத்து வளர்த்து விற்கும் ஒருவரிடம் 12,500 ரூபாய்க்கு வாங்கினேன். குஞ்சு பொரித்து ஐந்து மாதம் ஆனது. பழுப்பும் கருப்பழுப்புமாகப் பட்டை பட்டையாக இருந்ததைப் பார்த்ததும் மகள் அதிரசம் என்று பெயர் வைத்துவிட்டாள். தீபாவளிக்கு மாவு இடித்துக்கொண்டிருந்த நேரம். அம்மாவுக்கு அந்தப் பெயரில் கடுங்கோபம். "ஏன்டா, செவுத்துல ஓடுறதயெல்லாம் வெளக்குமாத்தால தட்டுறோம், நீ காசு குடுத்து ஒண்ண வாங்கியாந்து பலகாரப் பேரு வேற வெக்கிறியா?"

தொட்டி பற்றி விவரமாகச் சொல்கிறேன், கோளாறு அங்கேதான் இருந்தது. மீன்தொட்டி செய்யும் கடையில் 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரத்தில் ஒட்டித் தரச் சொன்னேன். 1,900 ரூபாய். மூடிக்குச் சட்டம் அடித்துக் கொசுவலைக் கம்பி இழுத்தேன். அடியில் ஒரு பக்கம் மட்டும் 16 வாட் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் விரிப்பு), நான்கு மூலையிலும் மோட்டாருக்கு வைக்கிற ரப்பர் புஷ். தொட்டி தரையில் அப்படியே உட்கார்ந்தால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடலாம். உள்ளே தென்னை நார்த்தூள். சூடான பக்கம் ஒரு டைல் துண்டு, அதன்மேல் குயவரிடம் வாங்கிய உடைசல் சட்டியைக் கவிழ்த்து ஒரு பொந்து. குளிர்ந்த பக்கம் இன்னொன்று. நடுவில் ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு ஈர நார்த்தூள் நிரப்பியது, தோல் உரிப்பதற்கு. கொட்டாங்கச்சி வைத்தால் அழகாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். பாதி உடம்புதான் உள்ளே போகும், விட்டுவிட்டேன்.

மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 32 டிகிரி வைத்து ஒரு நாள் சும்மா ஓட்டிப் பார்த்தேன். திரையில் 28 காட்டிக்கொண்டு மேட் நிற்காமல் ஓடியது. பட்டறையில் பேரிங் சூடு பார்க்கிற டெம்பரேச்சர் கன்னை எடுத்து டைலில் அடித்தால் 41. சென்ஸாரைக் காற்றில் தொங்கவிட்டிருந்தேன். தினமும் மோட்டார் சூட்டைப் பார்க்கிற ஆள் செய்கிற வேலையா இது? சென்ஸாரை டைலுக்கு அடியில் ஒட்டினேன், டைல்மேல் 32, மறுபக்கம் 26 என்று நின்றது. அந்த ஒரு நாள் சோதனை இல்லாவிட்டால் வயிறு வெந்திருக்கும்.

அக்டோபர் 20 அன்று, உறவினர் காரில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தோம். மறுநாள் சமையல் தராசில் 22 கிராம். நீளம் சுமார் 12 செ.மீ. கொடுத்தவர் படித்துப் படித்துச் சொன்னார்: இரண்டு வாரம் கையே வைக்காதீர்கள், சாப்பாடு, தண்ணீர், அவ்வளவுதான்.

நான்காம் நாளே கை வைத்தேன். மூன்று நாளாகப் புழு எதையும் தொடவில்லை, உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சட்டியைத் தூக்கினேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் தொட்டுப் பார்க்கிற ஆசை. மேலிருந்து இரண்டு விரலால் முதுகைத் தொட்டதும் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படிச் சத்தம் வரும் என்று நினைக்கவில்லை. அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பழக்க தோஷம், விரலால் தரையை மூன்று முறை தட்டி "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றார். அப்புறம் "எந்தத் திசையிலேருந்துடா சொல்லிச்சு?" என்று கேட்டுக்கொண்டே பஞ்சாங்கத்தைத் தேடினார். ஆப்பிரிக்கப் பல்லி சொன்னால் கணக்கில் வராது என்றேன். பல்லி பல்லிதானே என்றார். பதில் இல்லை.

அடுத்த தப்பு, நாள் பார்க்காமல் வாங்கியது. அக்டோபர் 31 தீபாவளி. தெருவில் லட்சுமி வெடி, அணுகுண்டு, வாசலிலேயே சரம். சத்தத்தைவிட அதிர்ச்சி மோசம், கண்ணாடித் தொட்டி மேசையில் இருந்தால் ஒவ்வொரு வெடியும் மேசை வழியே ஏறுகிறது. காலையில்தான் புத்தி வந்து தொட்டியை நடுவறைக்குத் தூக்கிப்போய், பழைய இலவம்பஞ்சு மெத்தையை மடித்து அதன்மேல் வைத்து, வேட்டியால் மூடினேன். ஐந்து நாள் வெளியே வரவில்லை. நவம்பர் 4-ல் எடை 20 கிராம். இரண்டு கிராம் என்றால் அதன் உடம்பில் பதினொன்றில் ஒரு பங்கு.

அன்றிலிருந்துதான் ஒழுங்காக ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். நோட்டில் மூன்று கட்டம்: எடை, சாப்பிட்ட புழு எத்தனை, கையைப் பார்த்து எத்தனை நொடி பொறுத்தது. கடைசிக் கட்டத்துக்குப் பட்டறை ஸ்டாப்வாட்ச். கையை உள்ளே வைத்ததும் அழுத்துவேன், வால் தூக்கினாலோ ஓடி ஒளிந்தாலோ நிறுத்துவேன். இந்த வகைப் பல்லி பயந்தால் வாலை உயர்த்தி மெதுவாக நெளிக்கும். நாய் வாலாட்டுவது போல என்று மகள் முதலில் சந்தோஷப்பட்டாள்.

ஒரு வாரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பில் எழுதினேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான், அப்போதுதான் அது நடமாடும். பிறகு உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி தரையில் கையை வைத்துவிட்டு அசையாமல் இருப்பது. முதல் நாள் 4 நொடி. இரண்டாம் நாள் 4. மூன்றாம் நாள் 3.

ஏன் என்று யோசித்ததில் இரண்டு காரணம் கிடைத்தது, இரண்டும் பாதி சரி. டியூப்லைட் எனக்குப் பின்னால் இருந்தது. கை போகும் முன்னால் என் நிழல் போகிறது. உட்காரும் பக்கத்தை மாற்றினேன், 4 நொடி 11 ஆனது. அடுத்தது வாசனை. பல்லி நாக்கை நீட்டி நீட்டித்தான் மோப்பம் பார்க்கும். என் கையில் எப்போதும் இன்சுலேஷன் வார்னிஷும் கிரீஸும். வாசனை சோப்புப் போட்டுக் கழுவினால் மல்லிகை வாசனையோடு சேர்ந்த வார்னிஷ். கடைசியில் வாசனையில்லாத சோப்பில் கழுவி, நன்றாக அலசி, அதன் தொட்டியிலிருந்தே ஒரு பிடி நார்த்தூளை எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டேன். நவம்பர் 16-ல் 25 நொடி. விரல் நுனியை ஒரு தடவை நக்கிவிட்டுப் போனது. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், வெளியே வந்ததும் இன்னொரு தடவை சோப்பு. மகளுக்கும் இதே சட்டம். சமையலறைக் குழாயில் கழுவக் கூடாது, கொல்லைக் குழாய்தான்.

சாப்பாடு பற்றி ஒன்று. கோதுமைத் தவிட்டில் மீல்வார்ம் புழுவை நானே வளர்க்கிறேன், ஒரு டப்பா 300 ரூபாய்க்கு வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு தவிடும் கேரட் துண்டும்தான் செலவு. கொடுக்குமுன் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். மகள் ஒரு நாள் சம்பா வயலில் பிடித்த மூன்று வெட்டுக்கிளியைப் பாட்டிலில் கொண்டுவந்தாள். அழகான பச்சை. அந்த வயலுக்கு முந்தின வாரம்தான் மருந்து அடித்திருந்தார்கள். வேண்டாம் என்றதும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. இலவசமாகக் கிடைக்கிறதே என்று யாராவது வயல் பூச்சியைப் போட நினைத்தால், தயவுசெய்து வேண்டாம்.

நவம்பர் கடைசியில் மழை. பின்னால் ஃபெஞ்சல் என்று பெயர் வாங்கிய புயல், 26, 27 இரண்டு நாளும் டெல்டாவைப் போட்டுத் தாக்கியது. சம்பா மூழ்கிக் கிடந்தது. எங்கள் தெருவில் பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லை. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டியின் வெளிப்பக்கம் அணைத்துவைத்தேன், 25-க்குக் கீழே இறங்கவில்லை. அன்று புழு போடவில்லை, உடம்பு சூடு இல்லாவிட்டால் செரிக்காது. அதைவிடத் தொந்தரவு நார்த்தூளில் பூத்த பூஞ்சை. ஈரமானி 60 காட்ட வேண்டிய இடத்தில் 88. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, அடுப்பில் வறுத்த புது நார்த்தூளை மெல்லிசாகப் போட்டு, ஈரத்தை அந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் மட்டும் வைத்துக்கொண்டேன். ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை என்று ஆரம்பத்தில் பெருமையடித்தேனே, அதற்கு.

டிசம்பர் 7. எடை 25 கிராம். கையில் முன்கால் இரண்டையும் வைத்து 40 நொடி நின்றது. நோட்டில் பெரிதாக டிக் போட்டிருக்கிறேன்.

மறுநாள் வால் போனது.

ஞாயிற்றுக்கிழமை. மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தார். பல்லியை எடுத்துக் காட்டுங்க மாமா என்று பிள்ளைகள் கேட்டன. பகல் பதினொரு மணி. அதன் தோல் வெளுத்து, விபூதி பூசிய மாதிரி மங்கிப்போய் இருந்ததைப் பார்த்தேன். அது தோல் உரிக்கப்போகிற அறிகுறி, அந்த நாளில் தொடக் கூடாது, எல்லாம் தெரியும். தெரிந்தும் மேலிருந்து கையை விட்டு, சட்டியைத் தூக்கி, அள்ளினேன். விரலிடுக்கு வழியே துள்ளியது. கீழே விழுந்துவிடுமே என்று மூடிப் பிடித்தேன். பிடித்தது வாலில்.

இழுத்ததாகக்கூடத் தெரியவில்லை. ஒரு வெள்ளரிப் பிஞ்சை ஒடித்த மாதிரி, அதைவிட லேசாக. அதிரசம் தொட்டிக்குள் விழுந்து ஓடிவிட்டது. வால் மட்டும் என் உள்ளங்கையில் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் இரண்டு சொட்டுதான். பிள்ளைகள் கத்தின, மகள் கத்தவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வால் நிற்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது. என்ன செய்வதென்று தெரியாமல் தராசில் வைத்துப் பார்த்தேன், 2 கிராம். எதற்கு எடை போட்டேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

காயம் தானாக மூடிக்கொள்ளும். அழுக்குப் படாமல் இருந்தால் போதும், மருந்து எதுவும் தடவத் தேவையில்லை. சிவந்து வீங்கினாலோ சீழ் கட்டினாலோ கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று எண்ணை எடுத்து வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. ஆனால் நார்த்தூளில் விட முடியாது, காயத்தில் ஒட்டும். பெரிய அடுக்கு டப்பா ஒன்றில் டிஷ்யூ பேப்பர் விரித்து, ஹீட் மேட்டைப் பாதி அடியில் தள்ளி, அதில் மாற்றினேன். அலமாரித் தட்டில் உயரம் போதாமல் டப்பாவைப் படுக்கப்போட்டேன். மூடி இப்போது முன்பக்கக் கதவாக ஆகிவிட்டது. இடம் இல்லாமல் செய்த காரியம், வேறு எந்த யோசனையும் இல்லை.

கையே வைப்பதில்லை என்று முடிவு. மூடியைத் திறந்து, இடுக்கியில் ஒரு புழு நீட்டி, மூடிவிடுவது. ஆறாம் நாள் மூடியைத் திறந்தபோது அது பொந்தைவிட்டு வெளியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் இடுக்கியை நோக்கி நடந்து வந்தது. வால் இழந்து ஒரு வாரம்தான் ஆகிறது, என் மேல் பயம் கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது. வார்னிஷ் வாசனை அதேதான். விளக்கு அதேதான். மாறியது ஒன்றே ஒன்று. கை பக்கவாட்டிலிருந்து, அது நிற்கிற மட்டத்திலேயே வருகிறது.

எங்கள் கொல்லையில் கோழிக்குஞ்சு மேயும்போது பருந்து நிழல் பட்டால் தாய்க்கோழி என்ன பாடு படும் என்று சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். தரையில் வாழ்கிற 25 கிராம் பிராணிக்கு மேலேயிருந்து வருவதெல்லாம் பருந்தோ ஆந்தையோதான். மீன்தொட்டிக்கு வாய் மேலே. ஆறு வாரம் நான் தினமும் எட்டு மணிக்குப் பருந்து வேஷம் கட்டியிருக்கிறேன்.

ஆகவே தொட்டியைப் பிரித்தேன். இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை.

முன்பக்கக் கண்ணாடியைச் சிலிக்கானிலிருந்து கழற்ற வேண்டும். பிளேடால் உள்பக்கம் அறுத்துவிடலாம், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற பசைக்குப் பிளேடு போகாது. பட்டறைப் பழக்கத்தில் 24 கேஜ் காப்பர் வயரை விட்டு ரம்பம் போல இழுத்தேன், நாலு இழுப்பில் அறுந்தது. மீன்பிடி நரம்பு, தூண்டிலுக்குப் போடுகிறது, அது வெண்ணெயில் போவது மாதிரி போனது. இரண்டு முனையிலும் ஆணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல் போய்விடும். கழற்றிய கண்ணாடியைக் கடையில் கொடுத்துக் கீழே வைக்க 8 செ.மீ. பட்டை, மேலே வைக்க 4 செ.மீ. பட்டை அறுத்து வாங்கி ஒட்டினேன். நடுவில் 280 மி.மீ. திறப்பு. இரண்டு பட்டை ஓரத்திலும் ஷோகேஸ் அலமாரிக்குப் போடும் இரட்டைக்கோடு டிராக். கீழ் டிராக்கில் பள்ளம் 5 மி.மீ., மேல் டிராக்கில் 12. கண்ணாடியை மேல் பள்ளத்தில் ஏற்றிக் கீழ்ப் பள்ளத்தில் இறக்குவதற்காகத்தான் அந்த வித்தியாசம்.

இங்கே கணக்கு தப்பினேன். டிராக்கின் அடித்தடிமன் இரண்டும் சேர்ந்து 4 மி.மீ. போக, பள்ளத்துக்குப் பள்ளம் 276. கொஞ்சம் விட்டு 274 என்று கடையில் சொல்லிவிட்டேன். கீழ் டிராக்கைத் தாண்ட 5 மி.மீ.யாவது தூக்க வேண்டும், 274 என்றால் 2 மி.மீ.தான் தூக்க முடியும். உள்ளே போகவே போகாது. ஒட்டிக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. 268 என்று புதிதாக இரண்டு அறுத்தேன். பழையதை மறுபடி வெட்டித் தரலாமே என்றால், விளிம்பு மழுக்கிய கண்ணாடியில் 6 மி.மீ. மட்டும் சீவி எடுக்க வராது, உடையும் என்றார் கடைக்காரர். 240 ரூபாய் தண்டம். அகலம் ஒவ்வொன்றும் 31 செ.மீ., நடுவில் கொஞ்சம் ஏறி நிற்கும். அந்த ஏறலில் ஒரு சந்து வரும், அதில் புழு தப்பிக்கும், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டி அடைத்தேன். சிலிக்கானின் வினிகர் நெடி முழுதாகப் போக ஐந்து நாள் திறந்தே வைத்தேன். டிராக், கண்ணாடி, பசை, கூலி எல்லாம் 850.

வால் இதற்குள் முளைக்க ஆரம்பித்திருந்தது. முதலில் கருப்பாக ஒரு மொட்டு, பிறகு மளமளவென்று. பொங்கலன்று பார்த்த அம்மா, "சிறுகிழங்க ஒட்ட வெச்ச மாதிரி இருக்குடா" என்றார். சரியாகச் சொன்னார். பழைய வாலில் வளையம் வளையமாகக் கோடு இருந்தது, இதில் எதுவும் இல்லை, மொழுமொழுவென்று ஒரு உருண்டை. உள்ளே எலும்புக் கணு கிடையாது, குருத்தெலும்புதான். பிப்ரவரி நடுவில் முழு அளவு வந்துவிட்டது.

ஜனவரி 12-ல் புதுக் கதவுத் தொட்டியில் பயிற்சியை மறுபடி ஆரம்பித்தேன். தரையில் ஜமுக்காளம் விரித்து, தொட்டியைத் தாழ்வான ஸ்டூலில் வைத்து, என் முழங்கை தரைமட்டத்தில். கையைக் கதவுக்குள் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதல் நாளே 90 நொடி. நாலாம் நாள் முழு உடம்பும் கையில் ஏறி, இறங்கி, மறுபக்கம் போனது, என் கை அதற்கு ஒரு திண்ணை. அந்த நொடிக் கட்டத்துக்கு அதற்குப் பிறகு வேலையில்லாமல் போய், நிமிடம் என்று அடித்து எழுதினேன்.

வெளியே எடுப்பது தனிப் பாடம். தூக்குவதே இல்லை. ஏறின கையை மெதுவாக வெளியே இழுப்பது, அது முன்னே நடந்தால் இன்னொரு கையை முன்னால் வைப்பது, அதிலிருந்து மறுபடி இந்தக் கை. நடந்துகொண்டே இருக்கலாம், எங்கும் போய்ச் சேராது. பத்து, பதினைந்து தப்படியில் களைத்து உட்காரும். ஜமுக்காளத்துக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் கையைத் தூக்குவதில்லை. துள்ளினால் துள்ளட்டும், மூடிப் பிடிப்பதில்லை. இது மட்டும் என் கைக்குப் பழக நாளானது. நழுவுகிற பொருளைப் பிடிக்கிற பழக்கம் பட்டறைக் கைக்கு ஊறியது. பிப்ரவரி 2-ல் துள்ளி மடியில் விழுந்தது, அப்படியே விட்டேன். கொஞ்ச நேரம் வேட்டி மடிப்பில் இருந்துவிட்டுத் தானே கைக்கு வந்தது. சாப்பிட்ட அன்று எடுப்பதில்லை, தோல் வெளுத்தால் எடுப்பதில்லை. வாரத்துக்கு நாலு நாள், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடத்துக்குள். நேற்றுப் பதினேழு ஆனது கைமடிப்புக்குள் தூங்கிவிட்டதால். எடை 34 கிராம்.

செலவைக் கூட்டினேன்: பல்லி 12,500, தொட்டி 1,900, மேட் 950, தெர்மோஸ்டாட் 700, ஈரமானி 300, தராசு 450, நார்த்தூள் 120, சட்டி 60, கால்சியமும் வைட்டமினும் 650, புழு 300, கதவு 850, தப்பாக வெட்டின கண்ணாடி 240. ஆக 19,020. திரும்பச் செய்தால் மீன்தொட்டிக் கடைக்கே போக மாட்டேன், ஆரம்பத்திலேயே முன்கதவோடு செய்வேன், ஆயிரம் ரூபாயாவது மிஞ்சும். ஐப்பசியில் வாங்க மாட்டேன். பொங்கல் கழிந்து வாங்கினால் வெடியும் இல்லை, புயலும் இல்லை, கோடைக்குள் பழகிவிடும். ஆனால் கோடையில் என் பட்டறையில் மூச்சுவிட நேரம் இருக்காது, அதற்கு வழி தெரியவில்லை. விருந்தாளி வந்தால் தொட்டியின்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறேன். அம்மா இன்னும் தொடவில்லை, தொடவும் மாட்டார். ராத்திரி படுக்கப்போகுமுன் கதவு சாத்தியிருக்கிறதா என்று மட்டும் வந்து பார்க்கிறார். அது தப்பிவிடக் கூடாதே என்றா, தன் மேல் விழுந்துவிடக் கூடாதே என்றா என்று நான் கேட்கவில்லை.

பாக்கி இருப்பது மகள். அவள் கையைப் பார்த்தால் இன்னும் வால் தூக்குகிறது, வலது கைக்கு மட்டும். இடது கைக்கு ஒன்றும் செய்வதில்லை. போன வாரம்தான் கவனித்தேன், வலது கையில் கண்ணாடி வளையல் நாலு. கையை உள்ளே நீட்டும்போது டிராக்கில் பட்டுக் கலகலவென்கிறது. கழற்றச் சொன்னேன். எண்ணெய் போட்டும் ஒன்று வரவில்லை, சின்ன வயசு அளவு. உடைக்கப் பாட்டி விடவில்லை, வெள்ளிக்கிழமையாம். நாளைக்கு வளையல்காரம்மா வருகிறார்.